பதினெட்டைத் தொடாத அறை

அவளைத் திரைக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். நாடகத்தில் நடித்து வந்த பெயர் இல்லை. ஜன்னல் திரை தைக்கும் பட்டறையில் பதினோரு வருஷம் மிஷின் மிதித்து வந்த பெயர். ஊரில் பெரிய பெரிய வீடுகளின் ஜன்னல்களில் எல்லாம் அவள் தைத்தது தொங்கியது. அவள் குடியிருந்த வாடகை அறையின் ஜன்னலில் மட்டும் ஓரம் நைந்த படுக்கை விரிப்பு ஒன்று ஆணியில் மாட்டியிருந்தது. இது என்ன கூத்து என்று யாராவது கேட்டால், நாள் முழுக்க ஊருக்குப் பரிமாறுகிறவனுக்கு வீட்டில் தட்டு எடுக்கவே கை வராது, போங்கள் என்பாள்.

அறை மூன்றாவது மாடியில், கட்டடத்தின் மூலையில் இருந்தது. மூலை என்றால் இரண்டு சுவர்கள் வெளிக்காற்றுக்குச் சொந்தம். கட்டிலை விட்டு எழுந்து ஏழு அடி வைத்தால் கதவு, குறுக்கே ஐந்து அடி வைத்தால் ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்பு ஹீட்டர் சுவரோடு பொருத்தியிருந்தது. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் கொதிகலனைப் பற்றவைத்துக் குழாயைத் திறந்துவிட்டால், சுடுதண்ணீர் மேலே ஏறி வந்து அதற்குள் ஓடும். காலையில் ஆறு முதல் எட்டு வரை, சாயங்காலம் ஐந்து முதல் ஒன்பது வரை. இது வாடகையோடு சேர்த்தி. அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. இன்னும் சூடு வேண்டுமென்றால் சொந்தமாக மின்சார ஹீட்டர் வாங்கிச் செருகிக்கொள்ள வேண்டும். மின்சாரத்துக்கோ முன்கூட்டியே காசு கட்டி வாங்கிய கார்டை மீட்டரில் போட வேண்டும். திரைக்காரி பழைய சாமான் கடையில் ஒரு ஹீட்டரை வாங்கி வந்து ஒரே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தாள். ஏழு நாளைக்கு வரவேண்டிய கார்டு மூன்றாம் நாளே காலி. நாலாம் நாள் இருட்டில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்தவள், மறுநாள் அந்த ஹீட்டரைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டாள்.

தனி ஆளாக இருந்திருந்தால் இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓட்டியிருப்பாள். புருஷன் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. இருப்பது ஒரே பெண் குழந்தை, எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சிட்டு என்றால்தான் திரும்பிப் பார்க்கும். வாய் நீளம், நெஞ்சு மட்டும் பலவீனம். குளிர் பட்டால் இழுப்பு வந்துவிடும். இந்தக் குளிர்காலம் தொடங்கின முதல் வாரமே மூச்சில் விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தை தூங்கும் அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, சுவரில் ஈரமும் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்றைக்கு டாக்டரிடம் கூட வந்தவள் அண்ணி. திரைக்காரியின் கூடப்பிறந்த அண்ணனுக்குப் பெண்டாட்டி. அண்ணன் பஸ் ஓட்டுகிறவர், வீட்டில் வாய் திறக்காதவர். அவர் பேசவேண்டியதையும் சேர்த்து அண்ணியே பேசிவிடுவாள். அவர்கள் குடியிருந்தது ஊரின் அந்தக் கோடியில், ஒரு பேக்கரிக்கு மேலே. அண்ணிக்கு அந்தப் பேக்கரியிலேயே கல்லாவில் வேலை. கீழே விடியற்காலையிலிருந்து அடுப்பு எரிவதால் மேலே தரை எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். காசு இல்லாமல் வந்த சூடு. ஆனால் அண்ணி பேசினால், அந்தச் சூட்டைத் தானே ராவும் பகலும் கண் விழித்துப் பிசைந்து சுட்டு எடுத்த மாதிரி இருக்கும். "எங்க வீட்டுல வெறுங்கால்ல நடக்கலாம்" என்று அவள் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ஒரு மாசம் எங்களோடு இருக்கட்டும், நீ அறையைச் சரிபண்ணு என்று சிட்டுவை அண்ணி அழைத்துப் போனாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. போகும்போது ஒரு தெர்மாமீட்டரை வாங்கி வந்து கட்டில் தலைமாட்டில் தன் கையாலேயே மாட்டிவிட்டுப் போனாள். பதினெட்டு இருக்கும் இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடும் போட்டாள். திரைக்காரிக்கு அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ தன் வீட்டுச் சுவரில் காவலுக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

ஒரு மாசம் மூன்று மாசம் ஆனது. அண்ணன் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சிட்டுவைத் தற்காலிகமாக உட்காரவைத்திருந்தார்கள். இங்கே பழைய பள்ளிக்கூடத்தில் அவள் பெயரை அடிக்காமல் வைத்திருந்தார்கள். அதுவும் எத்தனை நாளைக்கு? ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு, அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமைக்குள் குழந்தை வரவேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். அப்படிக் கொடுத்துவிட்டால் சிட்டு அங்கேயே படிக்க வேண்டியதுதான். வருஷம் முழுக்க. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போகிற அம்மாவாகிவிடுவாள் இவள். கேட்ட அன்றைக்குத் திரைக்காரிக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

அறையோடு அவள் மல்லுக்கட்டியது கொஞ்சநஞ்சம் இல்லை. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. பட்டறையில் மிஞ்சும் வெட்டுத்துணியை ஒரு நீளப் பையில் திணித்துத் துணிப்பாம்பு ஒன்று தைத்து அதை அடைத்தாள். வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து கதவைத் தள்ளி, பாம்பில் கால் தடுக்கித் திட்டினார். ஜன்னல் சட்டத்தின் சந்துகளில் மாவுப் பசை காய்ச்சிக் காகிதம் ஒட்டினாள். பசை வாசனைக்கு எறும்பு வந்தது. கண்ணாடியில் சாமான் சுற்றி வரும் குமிழ் பிளாஸ்டிக்கை ஒட்டினாள். வெளிச்சம் போய் அறை மீன் தொட்டி மாதிரி ஆனது, இரண்டே நாளில் பிய்த்துப் போட்டாள். மெத்தைக்கு அடியில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டாள், தரையில் கம்பளத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து விரித்தாள். எல்லாச் சந்தையும் அடைத்த பிறகு, துவைத்த துணியின் ஈரமும் சோறு வடித்த ஆவியும் போக வழி இல்லாமல் சுவரில் வேர்வை மாதிரி பூத்தது. ஈரம் கூடாதே! ஆக, அத்தனை பாடுபட்டு அடைத்த ஜன்னலைத் தினமும் பத்து நிமிஷம் அவளே திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் பல் கடித்து நிற்க வேண்டியிருந்தது. தன் கையால் சூட்டை வெளியே அனுப்புவதைப் போல ஒரு வயிற்றெரிச்சல் உண்டா?

இவ்வளவுக்கும் தெர்மாமீட்டர் பதினைந்துக்கு மேல் ஏறவில்லை. நடுவில் ஒரு தடவை சிட்டுவைச் சனிக்கிழமை வரச்சொல்லிப் படுக்கவைத்துப் பார்த்தாள். விடியும்போது குழந்தை இருமிக்கொண்டே, "நல்லாத்தாம்மா இருக்கு" என்றது. இருமல் இல்லாமல் சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருப்பாள். அன்றைக்கு வந்து அழைத்துப்போன அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. சிவப்புக் கோட்டை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். பேசியிருந்தால் பதிலுக்கு நாலு பேசியிருக்கலாம்.

அப்போதுதான் திரைக்காரிக்கு ரோஷம் வந்தது. நான் யார், என் தொழில் என்ன, ஊருக்கெல்லாம் குளிர் தாங்கும் திரை தைத்துக் கொடுத்துவிட்டு நான் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாளே வேலையை ஆரம்பித்தாள்.

ஐந்து வாரம் தைத்தாள். பட்டறையில் வெட்டுத்துணியை எடைக்குப் போட்டு விற்பார்கள். மாஸ்டர், அதாவது துணி வெட்டுகிறவர், இவளுக்காக நல்ல துண்டுகளைத் தனியே எடுத்துவைத்தார். கரும்பச்சை, காவி, பழுப்பு என்று கையளவு வெல்வெட் துண்டுகளை ஒட்டுப் போட்டு முன்பக்கம், நடுவில் கம்பளி மாதிரி ஒரு தடிமனான துணி, பின்னால் கெட்டி உள்துணி. மூன்று அடுக்கு. அடி மடிப்புக்குள் கனத்துக்குச் சங்கிலி கோத்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தைத்தாள், வேலை முடிந்து அரை மணி நேரம் இருந்து தைத்தாள். நீளம் மட்டும் கேட்கவே வேண்டாம், தரை வரைக்கும்.

அதைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டறையில் சேர்ந்த முதல் நாளே மாஸ்டர் ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றிவிடுவார். திரை என்றால் தரைக்கு ஒரு விரல் மேலே நிற்க வேண்டும். அதற்கு மேல் தூக்கினால் அது திரை இல்லை, கணுக்கால் தெரிகிற பாவாடை. யாராவது வாடிக்கைக்காரர் துணி மிச்சம் பண்ணலாம் என்று ஜன்னல் திட்டோடு நிறுத்தச் சொன்னால், அந்த வேலையை எடுக்காமலே அனுப்பிவிடுவார். பதினோரு வருஷத்தில் திரைக்காரி குட்டைத் திரை ஒன்றுகூடத் தைத்ததில்லை. பஸ்ஸில் போகும்போது எந்த ஜன்னலிலாவது குட்டைத் திரை தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

திரையை மாட்டிய சாயங்காலம் அறையே வேறு அறையாகிவிட்டது. ஒட்டுப் போட்ட வெல்வெட் தகதகவென்று கூரையிலிருந்து தரைக்கு இறங்கியது. நல்ல நேர்த்தி. காற்று ஒரு இழை உள்ளே வரவில்லை. மெழுகுவர்த்தியைப் பொருத்தி ஓரத்தில் பிடித்துப் பார்த்தாள், சுடர் அசையவில்லை. சந்தோஷத்தில் இரண்டு கப் டீ போட்டாள், ஒன்று யாருக்கு என்று பிறகுதான் யோசித்தாள். ஏழு மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்தாள்.

பதினாலு.

இருந்ததிலும் ஒன்று குறைந்திருந்தது.

தெர்மாமீட்டரைத் தட்டினாள். எடுத்துக் கம்புக்கூட்டில் வைத்தாள். மளமளவென்று ஏறியது. ஆக அதன் மேல் தப்பில்லை. சரி, வீட்டுக்காரர்தான் குழாயைக் குறைத்துவிட்டார் என்று முடிவுகட்டி, மூக்குக்கு மேல் கோபத்தோடு மூன்று மாடி இறங்கிப் போனாள். வீட்டுக்காரர் கொதிகலனுக்குப் பக்கத்து அறையில் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெளியே தண்ணீர் உறைகிற நாளில் ஒரு மனுஷர் பனியனோடு இருப்பதைப் பார்த்ததுமே அவளுக்கு மேற்கொண்டு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"ஐயா, என் பங்கு சூட்டையும் நீங்களே காயறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். திரையை ஒரு ஓரமாக விலக்கி ஹீட்டரில் கை வைத்தார். வைத்த வேகத்தில் உதறிக்கொண்டார். நீயே தொட்டுப் பாரம்மா என்றார். அவளும் தொட்டாள். உள்ளங்கை பொசுங்கியது. தன்மேல் பழி இல்லை என்று ஆனதும் அவர் திரையை விட்டுவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்று சொல்லி இறங்கிப் போனார். திரை பழையபடி ஒரு விரல் இடைவெளி விட்டு நேராக வந்து நின்றது. சங்கிலி கனமல்லவா.

ஹீட்டர் கொதிக்கிறது, காற்று வரவில்லை, திரை மூன்று அடுக்கு. பின்னே சூடு எங்கே போகிறது? சுவர்தான் குடிக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. மிச்சம் இருந்த உள்துணியை எடுத்து வெளிச்சுவர் நெடுக ஆணி அடித்து மறைத்தாள். பதினாலு. கூரையில் அட்டை ஒட்டினாள். இரண்டு நாளில் அது பிய்ந்து அவள் தலையிலேயே விழுந்தது. பதினாலு. விடியற்காலை இருட்டில், ஹீட்டர் சூடேறும் முன்பே, ஜன்னலைத் திறந்து மூடிவிட்டு வேலைக்குக் கிளம்புவாள், அப்போதும் திரை மூடியிருக்கும். சாயங்காலம் இருட்டிய பிறகு திரும்புவாள், வந்ததும் முதல் வேலையாகத் திரை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள். வெளிச்சுவரில் காதை வைத்துக் கேட்டாள் ஒரு நாள். எதைக் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் திங்கள். அண்ணி சிட்டுவோடு ஐந்தேகாலுக்கு வந்து சேர்ந்தாள். கைப்பையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. சிட்டு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே தொடர்ந்து படிக்கட்டும் என்பதற்கு அண்ணன் எல்லாம் எழுதி வைத்திருந்தார். அம்மாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அறை பதினெட்டு காட்டினால் காகிதத்தைக் கிழித்துப் போடலாம், காட்டாவிட்டால் கையெழுத்து. ஃபோனிலேயே பேசி முடித்திருந்தார்கள். ஆறரை பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும்.

சிட்டு வந்ததும் திரையைத் தடவிப் பார்த்து, எந்தத் துண்டு எந்த வீட்டுத் திரையின் மிச்சம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. அண்ணி கட்டில் ஓரத்தில் நுனியில் உட்கார்ந்தாள். தெர்மாமீட்டரைப் பார்த்தாள். பிறகு துணி அடித்த சுவரைப் பார்த்தாள், கூரையில் பசைத் தடத்தைப் பார்த்தாள்.

"ரொம்பத்தான் உழைச்சிருக்க" என்றாள்.

அது பாராட்டா குத்தலா என்று பிரித்துப் பார்க்கத் திரைக்காரிக்குத் தெம்பு இல்லை. இன்னும் அரை மணி நேரத்தில் ஏறும் என்றாள். ஏறவில்லை. டீ கொடுத்தாள். டீயின் ஆவிதான் அறையில் சூடான ஒரே சங்கதி. அண்ணி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிட்டு அங்கே கணக்கில் நன்றாகப் படிக்கிறது, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சேர்ந்துகொண்டது, இப்போதெல்லாம் இரவில் இருமுவதே இல்லை என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் நல்ல செய்திதான். ஒவ்வொன்றும் திரைக்காரிக்கு எங்கோ தைத்தது. ஆறு அடிக்கும்போது பதினாலரை. அந்த அரையும் மூன்று பேர் மூச்சு விட்டதால் வந்ததாக இருக்கும்.

திரைக்காரி அலமாரியிலிருந்து பேனாவை எடுத்தாள். எடுத்தவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி பார்க்காத மாதிரி எழுந்து, பஸ் வருகிறதா பார்க்கிறேன் என்று ஜன்னல் பக்கம் போனாள். திரையை ஒதுக்க வரவில்லை, அவ்வளவு கனம். ஓரத்தைத் தூக்கித் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தாள். பஸ் நிறுத்தத்தைப் பார்க்க ஒரு நொடி போதும். உள்ளே போனவள் வரவில்லை. திரைக்கு அடியில் அவள் செருப்பு முனை மட்டும் தெரிந்தது. ஒரு நிமிஷம் ஆனது, இரண்டு ஆனது.

"அத்தை, ஒளிஞ்சு விளையாடறியா?" என்று சிட்டு கேட்டது.

பிறகு உள்ளிருந்து, "நீ இங்க வா" என்று குரல் வந்தது. சிட்டு ஓடியது. "நீ இல்லடி, உங்கம்மா."

திரைக்காரி பேனாவோடு ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். போனதும் முகத்தில் அடித்தது சூடு. பேக்கரி அடுப்பைத் திறந்த மாதிரி. ஹீட்டருக்கும் திரைக்கும் நடுவே ஒரு சாண் இடம், அதற்குள் அண்ணி மூக்குக் கண்ணாடி மூடுபனி பூத்து நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஐந்து வாரம் தைத்த மூன்று அடுக்குத் திரை ஹீட்டரை அப்படியே பொத்தி, வீட்டுக்காரர் அனுப்பிய சூடு முழுவதையும் ஜன்னல் பக்கம் பிடித்துவைத்திருந்தது. அறைக்குள் ஒரு சொட்டு வரவிடவில்லை.

"யாருக்குத் தைச்ச இத?" என்றாள் அண்ணி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "தெருவுக்கா?"

திரைக்காரி குனிந்து திரையின் அடி மடிப்பைப் பார்த்தாள். திரை என்றால் தரை வரைக்கும்தான் இருக்க வேண்டும் என்று என்னவோ முணுமுணுத்தாள். முணுமுணுக்கும்போதே அந்தப் பேச்சு எவ்வளவு கிறுக்காக இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டது. தினம் திரை சரியாக மூடியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தவள் அவள்தானே. வீட்டுக்காரரை, சுவரை, கூரையை, பாவம் அந்தத் தெர்மாமீட்டரைக்கூடச் சந்தேகப்பட்டாளே, தன் கைத் தையலை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. அதையும் யார் வந்து கண்டுபிடிக்க வேண்டும்? உலகத்தில் வேறு ஆளே இல்லையா? அவமானமும் எரிச்சலும் சேர்ந்து கண்ணில் நீர் முட்டியது. சூட்டுக்கு வேர்க்கிறது என்று நினைக்கட்டும் என்று துடைக்காமல் நின்றாள்.

வெளியே சிட்டு தரையில் படுத்து, திரைக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

"நான் பாட்டுக்கு பஸ் வந்துடுச்சுன்னு சொல்லிட்டு வெளிய வந்திருக்கலாம். தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"ரெண்டு நிமிஷம் நின்னு அதைத்தான் யோசிச்சேன்."

திரைக்காரி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாசம் ஒரு குழந்தைக்குத் தலை பின்னிவிட்டவள் முகம் அது. வருத்தத்தை மறைக்கத் தெரியாத முகம், எப்போதும் கோபமாக இருக்கிறாளோ என்று தோன்றியதெல்லாம் இதுதானோ என்னவோ. "நகருங்க அண்ணி, கத்தரி எடுக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

வெட்டவா போகிறாய், ஊசி குத்தி மேலே மடித்து வைத்தால் போதாதா என்று அண்ணி பதறினாள். மடித்தால் அந்தத் தடிமனுக்கு மூட்டை மாதிரி தொங்கி மறுபடியும் ஹீட்டர் மேல் உட்காரும், ஜன்னல் திட்டோடு வெட்டினால்தான் சரி என்றாள் திரைக்காரி. தொழில் விஷயத்தில் அவளிடம் யாரும் பேச முடியாது. நாற்காலியில் ஏறாமல், முழங்கால் போட்டு, திட்டின் மட்டத்தில் சோப்புத் துண்டால் கோடு இழுத்தாள். பட்டறைக் கத்தரி, ஒரு சாண் நீளம். முதல் வெட்டுக்குக் கை வரவில்லை. அடுக்கு மூன்றும் கத்தரிக்கு நடுவே நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றன. பல்லைக் கடித்து அழுத்தினாள். கரும்பச்சை போனது, காவி போனது. அடிப் பகுதி சங்கிலியோடு தொப்பென்று தரையில் விழுந்தபோது, கணுக்கால் தெரிகிற பாவாடை ஒன்று ஜன்னலில் தொங்கியது. அவள் அதைப் பார்க்காமல் வெட்டு வாயில் பெருந்தையல் போட்டாள்.

சிட்டு தெர்மாமீட்டரிடம் போய் நின்றுகொண்டது. பதினஞ்சு என்று கூவியது. கொஞ்ச நேரத்தில் பதினஞ்சரை. ஆறரை பஸ் வந்து நின்று போனது. மூன்று பேருக்கும் சத்தம் கேட்டது, ஒருத்தரும் அசையவில்லை. ஏழுக்குப் பதினேழு. அங்கேயே நின்றது. இருபது நிமிஷம் பதினேழிலேயே நின்றது. திரைக்காரி ஹீட்டரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள், குழந்தை காதில் விழக்கூடாத வார்த்தை. பதினேழு போதாதா என்று கேட்க அவள் வாய் துடித்தது. அண்ணி முந்திக்கொண்டாள்.

"பதினெட்டுன்னா பதினெட்டுதான். நாளைக்கு இழுப்பு வந்தா டாக்டரம்மாகிட்ட பதினேழுன்னு சொல்லிப் பாரு."

"நான் கேக்கவே இல்லையே."

"கேக்க வந்த."

சரி, ஒன்பது மணிக்கு ஹீட்டர் நின்ற பிறகு ராத்திரி என்ன செய்வாய் என்று அண்ணி அடுத்ததைப் பிடித்தாள். கட்டிலுக்கு அடியில் மின்சார ஹீட்டர் இருக்கிறது, ஏறின சூட்டைத் திரை பிடித்துவைக்கும், விடியற்காலை ஒரு மணி நேரம் மட்டும் அதை ஓட்டினால் கார்டு தாங்கும் என்றாள் திரைக்காரி. தாங்காவிட்டால்? தாங்கும். தாங்காவிட்டால்? அப்போது நான் வெட்டுத்துணி வாங்குவதை நிறுத்திவிடுவேன், இனி எதைத் தைக்கப் போகிறேன் என்றாள். இப்படி இருவரும் சுவரைப் பார்த்துப் பேசுவது போலப் பேசிக்கொண்டிருக்கும்போது, எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், சிட்டு ஒன்றும் கூவாமல் திரும்பி இருவரையும் பார்த்தது. கோட்டின் மேல் இருந்தது. கோட்டுக்கு மேல் இல்லை, சரியாகக் கோட்டின் மேல்.

அண்ணி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். கைப்பையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். கிழிக்க அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. "நீயே கிழிச்சுக்கோ" என்றாள். திரைக்காரி அங்கேயே, அந்த நொடியே, நாலாகக் கிழித்தாள். காத்திருந்தால் கோட்டை விட்டு இறங்கிவிடுமோ என்ற பயம்.

சிட்டுவின் துணிமணி எல்லாம் நாளைக்கு மாமா பஸ்ஸில் கொண்டுவருவார் என்றாள் அண்ணி. மூச்சு மருந்தை எப்படிக் குலுக்க வேண்டும் என்று காட்டினாள். திரைக்காரிக்கு அது இரண்டு வருஷமாகத் தெரியும், பேசாமல் இருந்தாள். பால் எவ்வளவு சூடாகக் கொடுக்க வேண்டும், சிட்டு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் மூச்சு சீராக வரும் என்று சொன்னாள். அதுவும் தெரியும். பெற்றவளுக்கே பாடம் எடுக்கிறாளே என்று உள்ளுக்குள் பொங்கியது. அண்ணி எழுந்தாள், செருப்பைச் சரிசெய்தாள், சிட்டுவின் தலையில் கை வைத்தாள், கதவைத் திறந்தாள். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, காலுறை இரண்டு ஜோடி போட்டுவிடு, ஒன்று பருத்தியாக இருக்கட்டும் என்று தொடங்கினாள். மாடிப்படியின் குளிர் துணிப்பாம்பைத் தாண்டி உள்ளே வந்து திரைக்காரியின் காலைத் தொட்டது. அண்ணி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். கணக்கு நோட்டு ஒன்று முடிந்துவிட்டதாம், புதிது வாங்க வேண்டுமாம். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. தலைமாட்டில் தெர்மாமீட்டர் பதினேழரை.

திரைக்காரியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அண்ணி, ஒண்ணு உள்ள வாங்க, இல்லன்னா வெளிய போங்க. சூடு போகுது."

அண்ணி பேச்சை நிறுத்தினாள். படியைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த பஸ் ஒன்பதுக்குத்தான் என்றாள், யாரும் கேட்காமலே. பிறகு வெளியே இருந்த காலை எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். குனிந்து துணிப்பாம்பைச் சரியாக இழுத்து வைத்தாள், ஒரு விரல் இடம்கூட விடாமல்.